கத்தியில் கலந்த நிக்கல் யாருக்குச் சொந்தம்?

கரவனெல்லப் பக்கம் இறப்பர் பால் வெட்டுகிறவர்களுக்குக் கத்தியின் கூர்தான் முக்கியம். கூர் மழுங்கினால் பட்டை கிழியும், மரம் காயப்படும். உருக்கில் கொஞ்சம் நிக்கல் சேர்த்து, கூர் நெடுநாள் நிற்கும் கத்தியொன்றை ஒரு கம்பனி செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்டன்ட் எனப்படும் ஆக்கவுரிமை அதற்குக் கிடைத்துவிட்டால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடங்களுக்கு ஊர்க் கொல்லர் அதே கலவையில் கத்தி அடித்து விற்க முடியாது.

புதிதாக இருந்தால் மட்டும் போதாது என்கிறது இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஏற்கெனவே தெரிந்தவற்றை வைத்து, அந்தத் தொழிலில் சாதாரண தேர்ச்சியுள்ள ஒருவரே இலகுவாக எட்டிவிடக்கூடியது என்றால் அதற்கு உரிமை இல்லை. கலப்புலோகத்தில் இதை அளப்பதுதான் சிக்கல். அங்கே வித்தியாசமெல்லாம் தசமப் புள்ளிக்குப் பிறகுதான் இருக்கும்.

1985இல் அமெரிக்க சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்று இதைத் தெளிவாகக் காட்டுகிறது. டைட்டேனியத்துடன் 0.6 முதல் 0.9 வீதம் வரை நிக்கலும், 0.2 முதல் 0.4 வீதம் வரை மொலிப்டினமும் சேர்ந்த கலவைக்கு டைட்டேனியம் மெட்டல்ஸ் கம்பனி உரிமை கேட்டது. சூடான உப்புநீரிலும் அது அரிப்பைத் தாங்கும் என்பது அவர்கள் கண்டறிந்த விடயம். ஆனால் 1970இல் வெளிவந்த ரஷ்யக் கட்டுரை ஒன்றின் வரைபடத்தில், 0.75 வீதம் நிக்கலும் 0.25 வீதம் மொலிப்டினமும் கொண்ட கலவை வெறும் ஒரு புள்ளியாக இருந்தது. அரிப்பைப் பற்றி அதில் பேச்சே இல்லை. இருந்தாலும் நீதிமன்றம் மறுத்துவிட்டது. பொருள் ஏற்கெனவே இருந்தது. அதன் நல்ல குணத்தைப் பிறகு ஒருவர் கண்டதால் பொருள் புதிதாகிவிடாது.

0.8 வீதம் நிக்கல், 0.3 வீதம் மொலிப்டினம் என்று குறுக்கிக் கேட்ட கோரிக்கையும் அதே விண்ணப்பத்தில் இருந்தது. அந்த அளவு கட்டுரையில் இல்லை. ஆனால் ஒருபக்கம் 0.75, 0.25, மறுபக்கம் 0.94, 0.31. இரண்டுக்கும் நடுவில் நிற்பதும் அதே குணத்தோடுதான் இருக்கும் என்று தொழில் தெரிந்தவர் எதிர்பார்ப்பார். அதுவும் தள்ளுபடி.

தப்பிக்க ஒரு வழி உண்டு: எவரும் எதிர்பாராத பலன் கிடைத்ததென்று பரிசோதனையால் காட்டுவது. அதையும் கேட்ட அளவு முழுவதற்கும் காட்ட வேண்டும். நிக்கல் கலப்புலோகத்தில் 1 முதல் 3 வீதம் ரேனியத்துக்கு உரிமை கேட்ட பீட்டர்சன் வழக்கு 2003இல் அங்கேதான் தோற்றது. 2 வீதத்துக்கு மட்டுமே சான்று இருந்தது.

நமது கொல்லரோ கட்டுரை எழுதுகிறவர் அல்ல. இலங்கைச் சட்டம் எழுத்தை மட்டும் பார்ப்பதில்லை என்பது ஆறுதல். உலகில் எங்காவது வாய்மொழியாகவோ பாவனையாலோ பகிரங்கமானதும் 'ஏற்கெனவே தெரிந்தது' என்ற கணக்கில் வரும். ஆனால் திகதியோடு நிரூபிக்க வேண்டும். பட்டறையும் கணக்குப் புத்தகமும் போரில் சேர்ந்தே போன வடக்கு கிழக்குக் கொல்லருக்கு இது லேசான காரியமல்ல. பழைய பற்றுச்சீட்டு, திகதி தெரியும் படம், கத்தி வாங்கியவரின் சத்தியக்கடதாசி என்று கிடைப்பதைச் சேர்த்துக்கொண்டால், கொடுத்துவிட்ட உரிமையையும் செல்லாதென அறிவிக்கும்படி நீதிமன்றில் கேட்கலாம்.