தேர்ச்சி பெற்ற கார்

தேர்வு என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் பலருக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். ஆனால் தோழியரே, தேர்வு நமக்கு மட்டுந்தானா? இங்கிலாந்து நாட்டில் கார்களும் ஆண்டுதோறும் தேர்வு எழுதுகின்றன! அங்கேயும் தேர்ச்சி உண்டு; தோல்வி உண்டு; மறுதேர்வும் உண்டு. அந்தத் தேர்வைப் பற்றி நான் அறிந்துகொண்டது என் சித்தியின் மூலமாகத்தான்.

என் அன்னையின் தங்கை லெஸ்டர் நகரில் செவிலியாகப் பணிபுரிகிறார். இரவுப் பணி முடிந்து திரும்பும் நேரத்தில் பேருந்து கிடைப்பதில்லை. ஆகவே பழைய கார் ஒன்று வாங்க எண்ணினார். புதிய கார் வாங்கப் பணம் போதாது. பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சிறிய கார் போதும் என்று தேடியதில், ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு கார்கள் விலைக்கு வந்தன. இரண்டும் 2011ஆம் ஆண்டில் பதிவானவை. இரண்டும் ஹூண்டாய் ஐ10.

"கண்ணு, இந்தக் கார் எங்கே செய்தது தெரியுமா? நம்ம ஊர்லேதான்!" என்று சித்தி தொலைபேசியில் சொன்னபோது எனக்கு வியப்பாயிருந்தது. ஆனால் அது உண்மையே. காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் உள்ள தொழிற்சாலையில் இந்த வகைக் கார் 2007ஆம் ஆண்டு முதல் உருவாயிற்று. அடுத்த ஆண்டிலிருந்து இங்கிலாந்திலும் விற்பனைக்கு வந்தது. 2013இல் வந்த அடுத்த தலைமுறைக் கார்களை ஐரோப்பாவுக்காகத் துருக்கி நாட்டில் செய்யத் தொடங்கினர். அதற்கு முன் அங்கு ஓடிய ஐ10 கார்கள் நம் மண்ணிலிருந்து கப்பலேறிச் சென்றவை. காரின் அடையாள எண் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கினால் அது இங்கே பிறந்தது என்று அறியலாம்.

நம்மூர் வெயிலில் பிறந்த கார், அந்நாட்டுப் பனியிலும் மழையிலும் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தபின் எப்படி இருக்கும்? அதை நம்பி நள்ளிரவில் தனியே ஒரு பெண் பயணம் செய்யலாமா? இதுதான் சித்தியின் முன் நின்ற கேள்வி. விற்பவர் இருவருமே ஒரே விடையைத் தந்தனர்: "கவலை வேண்டாம், எம்.ஓ.டி. தேர்ச்சி பெற்ற கார்."

தேர்வின் வரலாறு

எம்.ஓ.டி. என்பவை போக்குவரத்து அமைச்சகத்தின் அந்நாளைய ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள். அமைச்சகத்தின் பெயர் பிற்காலத்தில் மாறிவிட்டது. தேர்வின் பெயர் மட்டும் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. ஏர்னஸ்ட் மார்ப்பிள்ஸ் என்பவர் அமைச்சராயிருந்தபோது, 1960ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இத்தேர்வு தொடங்கியது. அப்போது பத்தாண்டு நிறைந்த கார்களுக்கு மட்டுமே தேர்வு. பார்த்தவையும் மூன்றே: பிரேக், விளக்கு, ஸ்டீயரிங். தோற்ற கார்களின் தொகை மிகுதியாயிருக்கவே, விரைவிலேயே பத்தாண்டை ஏழாகக் குறைத்தனர். 1967இல் அது மூன்றாயிற்று. 1968இல் டயர் சேர்ந்தது. 1977இல் கண்ணாடித் துடைப்பான், திரும்பும் விளக்கு, ஹாரன், புகைக்குழாய், உடற்சட்டம் முதலியவை சேர்ந்தன. 1991இல் புகையின் தன்மையும் தேர்வுக்குரிய பாடமாயிற்று. இவ்வாறு பாடத்திட்டம் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

தேர்வு நடக்கும் விதம்

இத்தேர்வை நடத்துபவை பெரும்பாலும் தனியார் பட்டறைகளே. அரசின் அனுமதி பெற்ற பட்டறைகள் 20,000க்கும் மேல் உண்டு. அவற்றை அரசுத்துறை ஒன்று மேற்பார்வையிடுகிறது. தேர்வு ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடக்கும்.

முதலில் விளக்குகள் யாவும் எரிகின்றனவா என்று பார்ப்பார்கள். பின்பு சக்கரங்களைச் சுழலும் உருளைகளின்மேல் நிறுத்திப் பிரேக்கை அழுத்துவார்கள். ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு விசையுடன் நிற்கிறது என்பதைக் கருவி காட்டிவிடும். இடப்புறம் பலமாகவும் வலப்புறம் பலவீனமாகவும் பிடித்தால், அவசரத்தில் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். டயரின் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். மழைநாளில் சக்கரத்தின் அடியில் தேங்கும் நீர் அந்தப் பள்ளங்களின் வழியாகத்தான் வெளியேறுகிறது. பள்ளம் தேய்ந்துவிட்டால் டயர் தரையைத் தொடாமல் நீரின்மேல் வழுக்கும்.

அடுத்துக் காரை உயரத் தூக்கி அடிவயிற்றைப் பார்ப்பார்கள். குளிர் நாடுகளில் இது மிக முக்கியம். பனி உறையாதிருக்கச் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்பு நீர் காரின் அடியில் தெறித்து இரும்பை மெல்ல மெல்லத் தின்கிறது. பிரேக் எண்ணெய் செல்லும் குழாய்கள், சுருள் வில்கள், இருக்கைப்பட்டை பொருத்தப்பட்ட இடங்கள் ஆகியவை துருப்பிடித்தால் என்ன ஆகும்? வெளியே வண்ணம் பளபளக்கும். உள்ளே உயிர் காக்கும் பகுதி அரித்துப்போயிருக்கும்.

கண்ட குறைகளை 2018ஆம் ஆண்டு முதல் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். உடனே ஆபத்து விளைவிக்கக்கூடியது ஒன்று, பெருங்குறை மற்றொன்று. இவ்விரண்டில் எதுவிருந்தாலும் தோல்வி. மூன்றாவது சிறுகுறை. இதனோடு, 'இது தேய்ந்து வருகிறது, கவனியுங்கள்' என்று அறிவுரைக் குறிப்பும் எழுதுவதுண்டு. சிறுகுறையும் அறிவுரையும் இருந்தாலும் கார் தேர்ச்சி பெறும்.

சான்றிதழ் சொல்லாதவை

முதல் முயற்சியில் தோற்கும் கார்கள் அண்மை ஆண்டுகளில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று. ஆகவே தேர்ச்சி என்பது வெறும் சடங்கு அன்று. ஆயினும் சான்றிதழை எவ்வளவு தூரம் நம்பலாம்?

முதலாவதாக, தேர்வாளர் காரின் பாகங்களைக் கழற்றிப் பார்ப்பதில்லை. கண்ணுக்கும் கைக்கும் கருவிக்கும் எட்டியதையே பார்க்கிறார். இரண்டாவதாக, எஞ்சினின் உட்புறம், கிளட்ச், கியர்பெட்டி ஆகியவை எந்நிலையில் உள்ளன என்பது இத்தேர்வின் பாடத்தில் இல்லை. நாளைக்கே கிளட்ச் தேய்ந்து நடுவழியில் நிற்கப்போகும் காரும் இன்று தேர்ச்சி பெறலாம். மூன்றாவதாக, சான்றிதழ் அந்த ஒரு நாளைப் பற்றியே பேசுகிறது. அடுத்த வாரம் ஒரு பள்ளத்தில் விழுந்து வில் முறிந்தால், சான்றிதழில் பதினோரு மாதம் மிச்சமிருக்கும். காரோ ஓட்டத் தகுதியற்றதாகிவிடும்.

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் பழமொழி. சோற்றுக்கு அது பொருந்தும். ஏனெனில் பானையிலுள்ள அரிசி முழுவதும் ஒரே நெருப்பில் ஒரே நேரம் வெந்தது. காரின் ஓராண்டு வாழ்வு அப்படிப்பட்டதன்று. தேர்வு நாளின் முந்தைய மாலை புதிய டயர் மாட்டிக்கொண்டு வரும் காரும் உண்டு. ஆண்டு முழுதும் பராமரிப்புப் பெற்று வரும் காரும் உண்டு. இரண்டின் கையிலும் இருப்பது ஒரே சான்றிதழ்தான்!

பல ஆண்டுகளின் ஏடு

அப்படியானால் வேறுபாட்டை அறிவது எப்படி? இங்கேதான் அந்நாட்டார் செய்த நல்ல ஏற்பாடு ஒன்று துணைக்கு வருகிறது. 2005ஆம் ஆண்டு தொடங்கித் தேர்வு முடிவுகளைக் கணிப்பொறியில் பதிந்து வருகிறார்கள். காரின் பதிவு எண் தெரிந்தால் போதும். எவரும் காசின்றி அதன் பழைய முடிவுகளைப் படிக்கலாம். எந்த ஆண்டு தோற்றது, எதனால் தோற்றது, என்ன அறிவுரை தரப்பட்டது, அன்று எத்தனை மைல் ஓடியிருந்தது என்ற விவரங்கள் அதில் உண்டு. ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டும் மோசடியும் இதனால் எளிதில் அகப்பட்டுவிடும். சென்ற ஆண்டு 60,000 மைல் காட்டிய கார் இவ்வாண்டு 45,000 காட்டினால் உண்மை விளங்காதா?

சித்தி இரண்டு கார்களின் ஏட்டையும் எடுத்துப் பார்த்தார். முதல் கார் 48,000 மைல் ஓடியது. விலை சற்றுக் கூடுதல். கடைசித் தேர்வில் ஒரு குறிப்புமில்லாத தேர்ச்சி. இரண்டாவது கார் 71,000 மைல் ஓடியது; கடைசித் தேர்வில் இரண்டு அறிவுரைக் குறிப்புகள். சான்றிதழை மட்டும் பார்த்தால் முதல் காரைத்தான் வாங்கத் தோன்றும்.

ஆனால் பழைய ஆண்டுகள் வேறு கதை கூறின. முதல் கார் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து முதல் முயற்சியில் தோற்றிருந்தது. இரண்டு முறை டயர் தேய்ந்து, ஒரு முறை பிரேக் விளக்கு எரியாமல். 'பின்புறப் பிரேக் குழாயில் துரு' என்ற அறிவுரை அந்த மூன்றாண்டும் மாறாமல் வந்திருந்தது. கடைசி ஆண்டில் மட்டும் அக்குறிப்பு இல்லை. குழாயை மாற்றினார்களா? அதற்கு ரசீது ஏதும் விற்பவரிடம் இல்லை. குறிப்பு மறைந்துவிட்டது, குறை மறைந்ததா என்பதற்குச் சான்று இல்லை.

இரண்டாவது கார் ஒரே ஒரு முறை, சுருள் வில் முறிந்ததால், தோற்றிருந்தது. ஓராண்டில் எழுதிய அறிவுரை மறு ஆண்டில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பட்டறை ரசீது கோப்பில் இருந்தது. அதன் உரிமையாளர் ஓய்வுபெற்ற முதியவர். "அறிவுரை எழுதித் தந்தால் அதைச் செய்துவிட வேண்டியதுதானே?" என்று சாதாரணமாகச் சொன்னாராம்.

சித்தி அதிகம் ஓடிய காரையே வாங்கினார். வாங்குமுன் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் காட்டி, கிளட்சையும் எஞ்சினையும் தனியே பார்க்கச் சொன்னார். தேர்வு பார்க்காததை அவர் பார்த்தார்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. தேர்வு முடிவுகளைத் தொகுத்து, 'இந்த வகைக் கார் நல்லது, அந்த வகை கெட்டது' என்று பட்டியலிடுவோர் உண்டு. அப்பட்டியலைப் படிக்கும்போது காரின் வயதையும் ஓடிய தூரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று வயதுக் காரையும் பன்னிரண்டு வயதுக் காரையும் ஒரே தட்டில் நிறுத்தல் நீதியாகாது. மலிவான சிறு கார்கள் செலவு செய்ய வசதியில்லாதவர் கையில் பல காலம் உழைக்கின்றன. அவை தோற்பது செய்தவர் பிழையா, கவனியாதவர் பிழையா என்பதைப் பட்டியல் மட்டும் சொல்லிவிடாது.

நம் நாட்டில்

நம் நாட்டில் சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்கு உண்டு. அதன்பின் சோதனைக்குட்பட்டு ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இடையில் புகைச் சோதனை உண்டேயன்றிப் பிரேக்குக்கும் டயருக்கும் ஆண்டுத் தேர்வு இல்லை. லாரி, வாடகைக் கார், பள்ளி வாகனம் ஆகியவற்றுக்குத்தான் நாம் 'எஃப்.சி.' என்று சொல்லும் தகுதிச் சான்று தேவை.

சான்று இருந்தும் காவல் இல்லாமற்போன துயரத்தை நம் மாநிலம் மறக்கவில்லை. 2012ஆம் ஆண்டு ஜூலை மாதம், சென்னைப் புறநகரில் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டையின் வழியே விழுந்து ஒரு சிறுமி உயிரிழந்தாள். அந்தப் பேருந்து சில வாரங்களுக்கு முன்புதான் தகுதிச் சான்று பெற்றிருந்தது. அதன்பின் அவ்வாண்டிலேயே பள்ளி வாகனங்களுக்கெனத் தனி விதிகள் வந்தன. ஆண்டுதோறும் பள்ளி வாகனங்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் சோதிப்பதை நாம் செய்தித்தாள்களில் காண்கிறோம்.

விதி வந்தது நன்று. ஆனால் அந்த ஓட்டையை அதிகாரி மட்டுமா பார்த்திருக்க முடியும்? நாள்தோறும் அதில் ஏறி இறங்குவோர் எத்தனை பேர்! சோதனை ஆண்டுக்கொரு நாள், பயணம் நாள்தோறும்.

ஆகவே தோழியரே, நம்மால் இயன்றதைச் செய்வோம். வீட்டு வாகனத்தின் டயர்ப் பள்ளத்துக்குள் சிறு மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அம்மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மாற்றவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அப்பாவிடம் சொல்வோம். அவர் பிரேக்கை அழுத்தும்போது பின்னே நின்று விளக்கு எரிகிறதா என்று பார்ப்போம். பள்ளிப் பேருந்தில் உடைந்த பலகை, மூடாத கதவு, ஆடும் இருக்கை எதைக் கண்டாலும் ஆசிரியையிடம் கூறுவோம். இதற்கு மெக்கானிக் படிப்பு வேண்டியதில்லை; கண்ணும், சொல்லும் துணிவும் போதும்.

சென்ற மாதம் சித்தியின் கார் மீண்டும் தேர்வுக்குப் போய் வந்தது. 'தேர்ச்சி, முன்டயர் இரண்டும் தேய்ந்து வருகின்றன' என்று எழுதித் தந்தார்களாம். "அப்புறம் என்ன செய்தீங்க, சித்தி?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு வர்ற வழியிலேயே டயர் மாத்திட்டேன், கண்ணு" என்றார்.