பஞ்சாப் குடிநீரில் யுரேனியம்: பிரித்தெடுத்த பின் எங்கே போகும்?

புது தில்லி: பஞ்சாபின் மால்வா பகுதியில் நிலத்தடி நீரில் கலந்துள்ள யுரேனியத்தை எப்படி அகற்றுவது என்ற கேள்வியுடன், அகற்றியதை எங்கே கொண்டு சேர்ப்பது என்ற கேள்வியும் இப்போது எழுந்துள்ளது.

பரீத்கோட்டில் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் தலைமுடியில் யுரேனியம் இருப்பது 2009-இல் தெரியவந்தபோது இப்பிரச்னை நாட்டின் கவனத்தை ஈர்த்தது. பின்னர் மத்திய நிலத்தடி நீர் வாரியம் நடத்திய ஆய்வில், 18 மாநிலங்களைச் சேர்ந்த 151 மாவட்டங்களில் ஆங்காங்கே லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்ற வரம்பை யுரேனியம் தாண்டியிருப்பது கண்டறியப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் பரிந்துரைத்த வரம்பு இது. இந்தியக் குடிநீர்த் தரமும் பின்னர் இதையே ஏற்றது.

மண்ணிலும் பாறையிலும் இயற்கையாக உள்ள யுரேனியம், பைகார்பனேட் மிகுந்த நீரில் எளிதில் கரைகிறது. அளவு மீறி நீர் இறைப்பதும், உரங்களிலிருந்து இறங்கும் நைட்ரேட்டும் நிலைமையை மோசமாக்குகின்றன. கதிர்வீச்சைவிட, சிறுநீரகத்தைத் தாக்கும் நச்சுத்தன்மையே முதன்மையான அபாயம்.

கிராமங்களில் நிறுவப்பட்டுள்ள எதிர் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) நிலையங்கள் யுரேனியத்தைத் தடுத்துவிடுகின்றன. ஆனால், செறிவு கூடிய கழிவுநீர் வாய்க்காலில் விடப்பட்டால் அது அதே மண்ணுக்கே திரும்பும்.

இதற்கு மாற்றாக ஆராயப்படுவது, இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான், கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட் போன்ற இயற்கைப் பொருள்கள். இவற்றைக் கூழாக்கி, முப்பரிமாண அச்சு முறையில் நுண்துளைகள் நிறைந்த வலைச்சட்டமாக வார்க்கின்றனர். தூளாகப் பயன்படுத்தினால் நீரோடு அடித்துச் செல்லப்படும், குழாயை அடைக்கும். சட்டமாக இருந்தால் நீர் தடையின்றிப் பாயும். யுரேனியம் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு நீர்த்த அமிலத்தால் கழுவி யுரேனியத்தைப் பிரித்து, சட்டத்தை மீண்டும் பயன்படுத்தலாம்.

இம்முறை இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை. பஞ்சாப் நீரில் யுரேனியம் கால்சியத்துடனும் கார்பனேட்டுடனும் பிணைந்திருப்பதால் அதை ஈர்ப்பது கடினம். ஆய்வுக்கூடத்தில் தயாரித்த கரைசலில் கிடைக்கும் வெற்றி, கிணற்று நீரில் அப்படியே கிடைத்துவிடாது.

மீட்கப்படும் யுரேனியம் அணு உலைக்குப் பயன்படும் என்ற எதிர்பார்ப்பும் மிகையானதே. லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் கலந்த நீரில் 10 லட்சம் லிட்டரைச் சுத்திகரித்தாலும் கிடைப்பது அதிகபட்சம் 100 கிராம்தான். எனினும், யுரேனியம் அணுசக்திச் சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அதை ஊராட்சிகளின் பொறுப்பில் விட்டுவிட முடியாது. குடிநீர் வழங்குவது மாநிலத்தின் கடமை. யுரேனியம் மத்திய அரசின் அதிகாரத்தில் உள்ளது. பிரித்ததைக் கிராமந்தோறும் சேகரித்துப் பாதுகாக்கும் பொறுப்பை இரு அரசுகளும் முன்கூட்டியே வரையறுக்காவிட்டால், எந்தப் புதிய வடிகட்டி வந்தாலும் நஞ்சு இடம் மாறுமே தவிர நீங்காது.