சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு: பழைய டீசல் லாரியில் தண்ணீர், ஆயில் கசிவைக் கண்டறியும் முறை

விளைந்த பொருளை உரிய காலத்தில் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது, பயிரிடுவதைப் போலவே முக்கியமான வேலை என்பதை விவசாயிகள் நன்கு அறிவர். வெட்டிய கரும்பு ஆலைக்குச் செல்லத் தாமதமானால் அதன் எடையும் சர்க்கரைச் சத்தும் குறைகின்றன. தக்காளி ஏற்றிய லாரி ஒரு பகல் முழுவதும் வழியில் நின்றுவிட்டால், பல மாத உழைப்பு வீணாகிறது. 1950-களில் எண்ணூரிலும் ஜாம்ஷெட்பூரிலும் டீசல் லாரிகள் தயாராகத் தொடங்கிய காலம் முதல், கிராமத்துக்கும் சந்தைக்கும் இடையே பாலமாக விளங்குபவை அவையே.

இன்று புதிய லாரிகளில் கோளாறுகளை அறிவிக்கும் மின்னணுக் கருவிகள் பல உள்ளன. ஆனால் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்த பழைய லாரிகளில் அவை இல்லை. அங்கே கண்ணும், மூக்கும், கையுமே கருவிகள். லாரியின் அடியில் ஒரு சொட்டு விழுந்திருந்தால், அது எதைக் குறிக்கிறது என்று அறியத் தெரிந்தவர் சிறு செலவில் தப்பித்துக் கொள்கிறார். அறியாதவரோ தேவையற்ற பாகத்தை மாற்றிப் பணத்தை இழக்கிறார். கசிவு மட்டும் நிற்பதில்லை.

சிறு கசிவுதானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. ஒரு மில்லி லிட்டர் என்பது ஏறக்குறைய இருபது சொட்டுக்கள். பத்து விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் எட்டு மணி நேரம் ஆயில் சொட்டினால், சுமார் 140 மில்லி லிட்டர் வெளியேறும். பத்து நாள் ஓட்டத்தில் இது ஒன்றரை லிட்டருக்கு அருகில் வந்துவிடும்.

இரு வேறு பாதைகள்

என்ஜினுக்குள் தண்ணீரும் ஆயிலும் தனித்தனிப் பாதைகளில் ஓடுகின்றன. ரேடியேட்டரின் அடியிலிருந்து கீழ் ஹோஸ் வழியாக வரும் தண்ணீரை, வாட்டர் பம்ப் சிலிண்டர்களைச் சுற்றித் தள்ளுகிறது. அங்கிருந்து அது ஹெட்டுக்கு ஏறி, தெர்மோஸ்டாட்டைக் கடந்து, மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குத் திரும்புகிறது. ஆயிலோ அடியிலுள்ள சம்பிலிருந்து பம்பினால் இழுக்கப்பட்டு, ஃபில்டரையும் ஆயில் கூலரையும் கடந்து, கிராங்க் ஷாப்ட், கேம் ஷாப்ட், ராக்கர் ஆகியவற்றுக்கு மசகாகப் பாய்ந்து மீண்டும் சம்பில் விழுகிறது. இவ்விரு பாதைகளும் மிக நெருங்கிச் செல்லும் இடங்கள் முக்கியமாக இரண்டு: ஒன்று ஹெட் கேஸ்கட், மற்றொன்று ஆயில் கூலர். இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்வருபவை எளிதில் விளங்கும்.

முதற் கேள்வி: கசிவது எது?

இரவில் லாரியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினின் கீழ் ஒரு பெரிய அட்டையை விரித்து வைக்க வேண்டும். முன் சக்கரங்களின் இடத்தையும் அட்டையில் குறித்துக்கொள்வது நல்லது. காலையில் அட்டையிலுள்ள கறையை ஆராய்ந்தால், கசிவது எது என்பதும், ஏறக்குறைய எந்தப் பகுதியிலிருந்து விழுகிறது என்பதும் தெரியவரும்.

என்ஜின் ஆயில் கறுத்து வழவழப்பாக இருக்கும். கியர் ஆயில் அதைவிடக் கெட்டியானது. கந்தகம் போன்ற கடும் நெடி உடையது. டீசல் கசியும் இடம் கழுவியது போல் பளபளப்பாக இருக்கும். வாசனையாலும் அதை அறியலாம். கூலண்ட் கலந்த தண்ணீர் பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும். காய்ந்த இடத்தில் அந்த நிறத்தில் பொருக்குத் தட்டும். வெறும் தண்ணீர் கசிந்த இடத்தில் வெள்ளை உப்பும் துருக் கோடும் தங்கும். எந்தத் திரவத்தையும் நாக்கில் வைத்துச் சோதிக்கலாகாது. கூலண்டில் பெரும்பாலும் சேரும் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு.

இரண்டாம் கேள்வி: கசிவு எங்கே தொடங்குகிறது?

ஆயில் சொட்டும் இடத்தையே கசியும் இடமென்று கொள்வது பெருந்தவறு. ஆயில் கீழ்நோக்கி வழிகிறது; லாரி ஓடும்போது ஃபேன் காற்றும் எதிர்க்காற்றும் அதைப் பின்னோக்கித் தள்ளுகின்றன. ஆகவே முன்புறம் டேப்பட் கவரில் கசிந்த ஆயில், என்ஜினின் பின்புறம் வந்து சொட்டக்கூடும். ஈரமாயுள்ள பகுதிகளில் மிக உயரத்திலும் மிக முன்புறத்திலும் உள்ளது எது என்று தேட வேண்டும். அதுவே பெரும்பாலும் மூலகாரணமாக இருக்கும்.

பல ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கின்மேல் புழுதி படிந்த என்ஜினில் இதைக் காண முடியாது. முதலில் என்ஜினை நன்கு கழுவித் துடைத்து உலரவிட வேண்டும். கழுவும்போது டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார், காற்று உறிஞ்சும் வழி ஆகியவற்றில் நீர் புகாமல் மூடிக்கொள்ள வேண்டும். பின்னர்ச் சந்தேகத்திற்குரிய இணைப்புக்களில் சாக்குக்கட்டித் தூளைத் தூவி, சிறிது தூரம் ஓட்டிவந்து பார்த்தால், புதிதாக ஈரம் ஏறிய இடம் தனித்துத் தெரியும். இன்று பட்டறைகளில் ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயமும், அதைக் காட்டும் புற ஊதாக் கதிர் விளக்கும் கிடைக்கின்றன. முறை வேறானாலும் தத்துவம் ஒன்றே.

கிளட்ச் ஹவுஸிங்கின் அடியிலுள்ள துளையில் ஆயில் சொட்டினால் தனிக் கவனம் தேவை. உடனே கிராங்க்கின் பின் ஆயில் சீல் போய்விட்டது என்று முடிவு செய்பவர் பலர். அந்தச் சீலை மாற்ற கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். கூலியும் மிகுதி, லாரி நிற்கும் நாட்களும் மிகுதி. அதற்குமுன் இரண்டு காரியங்களைப் பார்த்தல் வேண்டும். சொட்டுவது கியர் ஆயிலானால் குற்றம் கியர் பாக்ஸின் முன் சீலில் இருக்கலாம். என்ஜின் ஆயிலானால், டேப்பட் கவரின் பின் மூலையிலிருந்தோ ஆயில் குழாய் இணைப்பிலிருந்தோ என்ஜினின் முதுகு வழியாக அது வழிகிறதா என்று பார்க்க வேண்டும். சிறு விலையுள்ள ஒரு கேஸ்கட்டினால் தீரக்கூடிய குறைக்கு கியர் பாக்ஸை இறக்க வேண்டியதில்லை அன்றோ?

தண்ணீர்ப் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியவை ஹோஸ்களும் அவற்றின் கிளிப்புக்களும், ரேடியேட்டரின் அடித் தொட்டியும், வாட்டர் பம்பும் ஆகும். வாட்டர் பம்பின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளேயுள்ள சீல் தேய்ந்துவிட்டதை அறிவிப்பதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து தண்ணீர் சொட்டினால் பம்பைப் பழுது பார்க்க வேண்டும். துளையை அடைப்பது அறியாமை. அடைத்தால் தண்ணீர் பேரிங்கினுள் சென்று, பம்பு முழுவதையும் கெடுத்துவிடும்.

மூன்றாம் கேள்வி: எப்பொழுது கசிகிறது?

சில கசிவுகள் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் தோன்றி, சூடேறியதும் நின்றுவிடும். ஹோஸ் கிளிப் தளர்ந்திருப்பது இதற்குச் சாதாரணக் காரணம். வேறு சில, சூடேறி அழுத்தம் கூடியபின்னரே தோன்றும். ரேடியேட்டர் மூடி சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தைத் தாங்குவதானால், தண்ணீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்காமல் ஏறக்குறைய 111 டிகிரி வரை தாங்கும். மூடியின் ரப்பர் கெட்டிருந்தால் அந்த அழுத்தம் நிற்காது. வேறெங்கும் கசிவில்லாமலே தண்ணீர் கொதித்து வெளியேறும். ரேடியேட்டரைக் கழற்றுமுன் மூடியைச் சோதிப்பது புத்திசாலித்தனம்.

அழுத்தத்தில் மட்டும் கசியும் இடத்தைக் காணப் பட்டறையில் கைப்பம்பு ஒன்று உண்டு. குளிர்ந்த என்ஜினில் ரேடியேட்டர் வாயில் அதைப் பொருத்தி, மூடியில் குறித்துள்ள அளவுக்கு அழுத்தம் ஏற்றி, பத்துப் பதினைந்து நிமிஷம் வைத்துப் பார்ப்பார்கள். முள் இறங்கினால் கசிவு உண்டு. வெளியே ஈரம் இல்லாமலே முள் இறங்கினால், தண்ணீர் என்ஜினுக்குள் செல்கிறது என்று பொருள்.

வெளியே தெரியாத கசிவு

இவ்வகைக் கசிவே மிகவும் அபாயகரமானது. தரையில் ஒரு சொட்டும் இராது; ஆனால் நாள்தோறும் தண்ணீர் குறையும். இதற்குரிய அறிகுறிகளை ஒவ்வொரு டிரைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தாலும், ஊற்றாமலே அளவு உயர்ந்திருந்தாலும், தண்ணீர் கலந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அளவு உயர்ந்து, ஆயில் நீர்த்துப் போய் டீசல் நெடி வீசினால் கலந்திருப்பது டீசல். அப்பொழுது டீசல் பம்புகளைச் சோதிக்க வேண்டும். ஓர் இரவு லாரியை நிறுத்திவைத்து, காலையில் சம்பின் டிரைன் பிளக்கைச் சிறிது தளர்த்தினால், அடியில் தங்கிய தண்ணீர் முதலில் வரும். காய்ந்த இரும்புத் தகட்டில் ஆயிலை ஒரு சொட்டு விட்டாலும் உண்மை தெரியும். நல்ல ஆயில் புகையும். தண்ணீர் கலந்தது சடசடவென்று வெடிக்கும்.

ரேடியேட்டரில் ஆயில் மிதந்தால் ஆயில் கூலரை முதலில் பார்க்க வேண்டும். என்ஜின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் தண்ணீரினதைவிட மிக அதிகம். ஆகவே கூலரில் ஓட்டை ஏற்பட்டால் ஆயில் தண்ணீருக்குள் செல்கிறது. என்ஜினை நிறுத்தியதும் ஆயிலின் அழுத்தம் இறங்கிவிட, தண்ணீர் ஆயிலுக்குள் வரக்கூடும். இதை அறியாமல் ஹெட்டைக் கழற்றிப் பயனின்றிச் செலவு செய்வோர் உண்டு.

ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்க, குளிர்ந்த என்ஜினின் ரேடியேட்டரில் வாய் வரை தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். சூடேறுவதற்கு முன்னரே குமிழிகள் இடைவிடாமல் எழுந்தால், சிலிண்டர் வாயு தண்ணீரில் புகுகிறது. புகைக் குழாயில் வெண்புகையும் ஓர் அறிகுறியே. ஆயினும் எரியாத டீசலும் வெண்புகையாக வரும். அது கண்ணை உறுத்தும். என்ஜின் நன்கு சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காமல், தண்ணீரும் குறைந்துவந்தால் கேஸ்கட்டையோ ஹெட்டையோ சந்தேகிக்கலாம். சிலிண்டரில் தண்ணீர் தங்கி என்ஜின் சுழலாமல் முட்டினால், ஸ்டார்ட்டரை மீண்டும் மீண்டும் அழுத்தக் கூடாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

மூச்சடைத்த என்ஜின்

ஒரே சமயத்தில் பல சீல்களில் ஆயில் கசிந்தால் குற்றம் சீல்களில் இல்லாமலிருக்கலாம். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி வரும் வாயு வெளியேறுவதற்கு பிரீதர் என்னும் குழாய் உண்டு. அது அழுக்கால் அடைபட்டால், வாயு உள்ளேயே நின்று ஆயிலை எல்லாப் பக்கமும் தள்ளும். பிரீதரைச் சுத்தம் செய்தபின் கசிவு நின்றால் மகிழ்ச்சி. குழாய் சுத்தமாயிருந்தும் ஆயில் ஊற்றும் வாயில் புகை பலமாக வீசினால், ரிங்குகளும் சிலிண்டர்களும் தேய்ந்துவிட்டன. அந்நிலையில் எத்தனை சீல் மாற்றினாலும் பயனில்லை.

செய்யத் தகாதவை

சூடான ரேடியேட்டரைத் திறக்கலாகாது. பீறிட்டெழும் நீராவி முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். தண்ணீர் வற்றிக் கொதித்த என்ஜினில் உடனே குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கக்கூடும். லாரியை நிறுத்தி நன்கு ஆறவிட்டே ஊற்ற வேண்டும். ரேடியேட்டர் ஓட்டைக்கு மஞ்சள் தூள் போன்றவற்றைப் போடுவது மெல்லிய குழாய்களை அடைத்து வேறு தீங்கைத் தரும். சம்ப், டேப்பட் கவர் போல்ட்டுக்களை அளவுக்கு மீறி முறுக்கினால் தகடு வளைந்து கசிவு அதிகமாகும். ஹெட் போல்ட்டுக்களை நடுவிலிருந்து வெளிநோக்கி, தயாரிப்பாளர் குறித்த வரிசையிலும் அளவிலும் டார்க் ஸ்பானரால் முறுக்குவதே முறை. உப்பு மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து, குளிர்ச்சி குறையும்.

பஞ்சாயத்துக்களின் கடமை

தண்ணீர் லாரி முதலிய வாகனங்களை வைத்திருக்கும் பஞ்சாயத்துக்களும் சங்கங்களும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தல் நலம். தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய தண்ணீர், ஊற்றிய ஆயில் ஆகிய நான்கையும் குறித்தால் போதும். ஒரு வாரம் அரை லிட்டர், மறுவாரம் ஒரு லிட்டர் என்று கணக்கு ஏறுமானால், என்ஜின் வழியில் நிற்குமுன்பே எச்சரிக்கை கிடைத்துவிடும்.

வடித்தெடுத்த பழைய ஆயிலை வாய்க்காலிலோ ஏரிக்கரையிலோ கொட்டலாகாது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, அதை அங்கீகாரம் பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். பழைய கூலண்டை ஆடு மாடுகளும் குழந்தைகளும் நெருங்கும் இடத்தில் திறந்து வைப்பது உயிருக்கே ஆபத்து.

கசிவது எது, எங்கே தொடங்குகிறது, எப்பொழுது கசிகிறது: இம்மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே ஸ்பானரைக் கையில் எடுக்க வேண்டும். கசிவுக்குக் காரணம் இன்னதென்று தெரிந்து பட்டறைக்குச் செல்பவர், எதை மாற்ற வேண்டுமென்று கேட்டு வாங்க முடியும். அறுவடைக் காலம் வருமுன் ஒரு நாளை இச்சோதனைக்கு ஒதுக்குவோமாயின், விளைபொருள் வழியில் நிற்காமல் சந்தை போய்ச் சேரும்.