சுண்ணாம்புச் சுவரும் சிமெண்டுப் பூச்சும்

தில்லியில் நாற்பது வருஷம் குடியிருந்துவிட்ட என்னைப் போன்றவர்களுக்கு இரண்டு வீடுகள் இருக்கும். ஒன்று, இங்கே தவணை கட்டி வாங்கிய ஃபிளாட். மற்றது, ஊரில் தாத்தா கட்டி, நாம் வருஷத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருகிற வீடு. ஃபிளாட்டைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஊர் வீட்டைப் பற்றிய பேச்சோ, சங்கத்தில் எந்தக் கச்சேரி முடிந்து காபி குடித்தாலும் வந்துவிடும். "கொஞ்சம் செலவு பண்ணி அழகு பண்ணிடலாம்னு இருக்கேன் சார்" என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும். டைல்ஸ், புட்டி, பெயிண்ட் என்று ஆலோசனை குவியும். நானும் அப்படி ஆலோசனை கொடுத்தவன்தான். கொடுத்ததோடு நிற்காமல் என் வீட்டிலேயே செய்தும் பார்த்தேன். அதனால் வந்த வினையையும், அதைச் சரிசெய்ய ஆன இரண்டு வருஷத்தையும் இங்கே விளக்க முயல்கிறேன். நான் பொறியாளன் அல்லன். அரசாங்கக் கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். சொல்வதெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டது.

எங்கள் வீடு கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவில், காவிரிக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறது. தாத்தா 1931-ல் கட்டியது. தெருவில் திண்ணை, உள்ளே ரேழி, அப்புறம் கூடம், நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், இரண்டாங்கட்டில் சமையலறை, அதற்கும் பின்னால் கிணறும் கொல்லையும். முன்பகுதிக்கு நாட்டு ஓடு. கூடத்தை ஒட்டிய இரண்டு அறைகளுக்கு மட்டும் 'மெட்ராஸ் டெரஸ்' என்று சொல்கிற தட்டைத் தளம்.

இந்தத் தளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேக்கு உத்திரங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் ஓர் அங்குல கனமே உள்ள சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தால் கோணல் வரிசையில் ஒட்டிக்கொண்டே போவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்குக் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடித்தால் தளம் இறுகும். கடைசியில் மேலே தட்டோடு. கம்பியும் கிடையாது, சிமெண்டும் கிடையாது. ஆனால் வெயிலுக்கு விரிந்து, மழைக்குச் சுருங்கி, மரத்தோடு சேர்ந்து அசைந்து கொடுக்கும். எங்கள் தளம் அறுபத்தைந்து வருஷம் ஒழுகாமல் இருந்தது.

ஒழுக வைத்தவன் நான். 1996-ல் அக்கா மகள் கல்யாணம் ஊர் வீட்டில் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. கூடத்துச் சுவரில் அங்கங்கே காரை பெயர்ந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் எதிரே இப்படி நிற்க முடியுமா? தில்லியிலிருந்து பணம் அனுப்பினேன். எல்லாச் சுவர்களுக்கும் தரையிலிருந்து நான்கு அடி உயரம் சிமெண்டுப் பூச்சு, அதன் மேல் பளபளவென்று எனாமல் பெயிண்ட். மொட்டை மாடியில் தட்டோட்டை மறைத்து ஓர் அங்குலத்துக்குச் சிமெண்டுத் தளம். கல்யாணத்துக்கு வந்தவர்களெல்லாம் "வீடு புதுசு மாதிரி ஆயிடுச்சே" என்றார்கள். அப்பா மட்டும் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "மூச்சு விடாம மூடிட்டியேடா" என்றார். வயசானவர் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். 2003-ல் அவர் காலமானார். அதற்குள்ளேயே எனாமல் பெயிண்ட் கொப்புளம் விட ஆரம்பித்திருந்தது.

2017 நவம்பர் மழையில் அண்ணன் போன் செய்தார். அண்ணி படுக்கிற அறையில் உத்திரத்தின் ஒரு முனை இறங்கியிருக்கிறது, ராத்திரியில் தலைமாட்டில் செங்கல் துண்டு ஒன்று விழுந்தது என்றார். மறுநாளே ரயில் ஏறினேன். சுவரில் ஈரம் நான்கடிச் சிமெண்டையும் தாண்டி என் தலைக்கு மேலே போயிருந்தது. உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் விரலை வைத்து அழுத்தினால் தேக்கு அவல் மாதிரி உதிர்ந்தது.

பார்க்க வந்த பொறியாளர் பத்து நிமிஷத்தில் முடிவு சொல்லிவிட்டார்: இடித்துவிட்டு மூன்று படுக்கையறை வைத்துக் கான்கிரீட் வீடு. அண்ணனுக்கும் அதில் சம்மதம். அக்கா, "இடிக்கறதுக்கு வித்துடலாம், ஆளுக்குக் கொஞ்சம் கையில வரும்" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. வருஷத்தில் பத்து நாள் வருகிறவன், ஒழுகுகிற வீட்டில் தினமும் படுக்கிறவர்களுக்கு என்ன புத்தி சொல்வது? ஒரு மாதம் டைம் கேட்டுக்கொண்டு தில்லிக்குத் திரும்பினேன்.

விடை தில்லியிலேயே இருந்தது. என் வீட்டிலிருந்து ஹுமாயூன் சமாதிக்கு நடந்தே போகலாம். அங்கே 2007 முதல் 2013 வரை ஆகா கான் அறக்கட்டளையும் தொல்பொருள் துறையும் சேர்ந்து புதுப்பிப்பு வேலை செய்தன. இருபதாம் நூற்றாண்டில் ஒழுகலை அடைப்பதற்காகக் கூரை மேல் அடுக்கடுக்காகப் போட்டிருந்த கான்கிரீட்டை வெட்டி எடுத்தார்கள். எடுத்தது பத்து லட்சம் கிலோவுக்கும் மேல்! சுவர்களில் பூசியிருந்த சிமெண்டையும் உரித்துவிட்டுப் பழையபடி சுண்ணாம்பு பூசினார்கள். நடைப்பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் இதைப் பார்த்தவன்தான் நான். மொகலாயச் சக்ரவர்த்தியின் சமாதிக்கும் நம் வீட்டு மொட்டை மாடிக்கும் ஒரே வியாதி என்பது அப்போது உறைக்கவில்லை.

வியாதி இதுதான். பழைய வீட்டுக்கு அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்புக் கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் நிலத்து ஈரத்தை, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல மேலே இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. இழுத்த ஈரம் முழங்கால் உயரத்திலேயே அந்தத் துளைகள் வழியாக ஆவியாகிவிடும். அப்பா சொன்ன மூச்சு இதுதான். மேலே சிமெண்டைப் பூசி, அதற்கும் மேலே எனாமலை அடித்தால் ஆவி போக வழியில்லை. அடைபட்ட ஈரம் வழி தேடி இன்னும் மேலே ஏறும். மண்ணிலிருந்து கரைத்துக்கொண்டு வந்த உப்பையும் கூடவே கொண்டுபோகும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சையும் செங்கல்லையும் நெட்டித் தள்ளும். நாம் 'சுவர் பொரிஞ்சு போச்சு' என்கிறோம்.

மாடியில் நடந்ததும் ஏறக்குறைய அதுவே. மரமும் சுண்ணாம்பும் அசையும். சிமெண்டு அசையாது, விரிசல் விடும். மயிரிழை விரிசலில் இறங்கின தண்ணீர் மேலே காய முடியாமல் கீழேயே தங்கி, உத்திரத்தின் முனையை ஊற வைக்கும்.

சிமெண்டைத் திட்டுவதாக யாரும் நினைக்க வேண்டாம். 1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கிய போர்ட்லண்ட் சிமெண்டு இல்லாமல் என் தில்லி ஃபிளாட் எட்டு மாடிக்கு நிற்காது. நாம் பழமை என்று கொண்டாடுகிற ஆத்தங்குடிக் கல்லே சிமெண்டில் வார்ப்பதுதான், சூளையில் சுடுவதில்லை. சுண்ணாம்பில் எழுந்த சுவரின் மேல் அதைப் போர்த்தும்போதுதான் கேடு.

உங்கள் வீட்டுச் சுவர் எந்த ஜாதி என்று தெரிந்துகொள்வது சுலபம். பூச்சு பெயர்ந்த இடத்தில் செங்கல் இடுக்கை ஆணியால் கீறிப் பாருங்கள். வெளுப்பாகப் பொடி உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் ஆணியை எதிர்த்தால் சிமெண்டு. பூச்சைக் கை முட்டியால் தட்டும்போது 'டொக் டொக்' என்று பொள்ளல் சத்தம் கேட்டால், உள்ளே பிடிப்பு விட்டுவிட்டது என்று அர்த்தம்.

அண்ணனிடம் இதையெல்லாம் போனில் சொன்னேன். "உன் படிப்பு சரிதான்டா, செய்யறதுக்கு ஆள் எங்க?" என்றார். நியாயமான கேள்வி. ஆளைக் கோயிலில் கண்டுபிடித்தோம். திருப்பணியில் சுண்ணாம்பு வேலை பார்த்த கொத்தனார் ஒருவர் பாபநாசம் பக்கத்திலிருந்து வந்தார். எழுபது வயசு. சுவரைப் பார்த்ததும் கேட்டார், "இந்தச் சிமிட்டியைப் பூசுனது யாருங்க?" நான்தான் என்றேன். அதற்குப் பிறகு என்னிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசினார்.

2018 மாசியில் வேலை தொடங்கியது. முதலில் சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்து உத்திரத்தைத் தாங்கிவிட்டு, மாடிச் சிமெண்டை உளியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். ஊறிப்போன முனையை அறுத்துவிட்டு, பழைய தேக்கில் ஒட்டுப் போட்டு, இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து முடுக்கினோம். அந்தத் தேக்கு காரைக்குடியில் வாங்கியது. இடித்த வீடு எதனுடையதோ. சித்திரை வெயிலில் ஜல்லித் தளம் மறுபடி அடித்துத் தட்டோடு பதித்தாயிற்று.

சுவரில்தான் பொறுமை சோதிக்கப்பட்டது. சிமெண்டை உரித்ததும் பூசிவிடலாம் என்று நினைத்திருந்தோம். கொத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. ஊறின சுவர் ஒரு அங்குலத்துக்கு ஒரு மாதம் என்கிற கணக்கில்தான் காயுமாம். எங்கள் சுவர் பதினாலு அங்குலம். ஆக ஒரு வருஷத்துக்கு மேல் செங்கல் தெரிய, வீடு அம்மணமாக நின்றது. உப்பு பூக்கப் பூக்கக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளிக் கொட்ட வேண்டியது. தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து உள்ளேயே போய்விடும். தெருவில், "தில்லிக்காரர் வீட்டுக்குத் தோல் உரிச்சுப் போட்டுட்டுப் போயிட்டாரு" என்று பேச்சு. அதைக் கேட்டுக்கொண்டு அங்கே இருந்தவர்கள் அண்ணனும் அண்ணியும். அந்த வருஷம் நவம்பர் 16-ந் தேதி கஜா புயல். ராத்திரி முழுக்க இங்கே தூங்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் அண்ணி பேசினார்: "ஓடு நாப்பது அம்பது பறந்துடுச்சு தம்பி. மாடி ஒரு சொட்டு ஒழுகலை."

சுண்ணாம்பைத் தயார் செய்வது தனி வேலை. கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பாகிறது. தண்ணீர் விட்டால் கொதித்து நீர்த்துப் போகும். சுவரில் பூசிய பிறகு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கி மறுபடி கல்லாகிறது. இந்த வேதியியலைப் பள்ளிக்கூடத்தில் படித்து மார்க் வாங்கினவன்தான், சொந்த வீட்டுச் சுவரில் மறந்துபோனேன். கொல்லையில் தொட்டி கட்டி, நீர்த்த சுண்ணாம்பை மேலே தண்ணீர் நிற்கும்படி வைத்து மூன்று வாரம் ஊற விட்டோம். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், கொஞ்சம் செங்கல் தூள். கடுக்காயைத் தட்டி வெல்லத்தோடு பானையில் புளிக்க வைத்த தண்ணீரை ஊற்றிக் குழைத்தார்கள். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் நாள் விட்டு, வெயில் படாமல் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுக் காப்பாற்ற வேண்டும். அவசரப்பட்டால் விரிசல்தான். 2019 பங்குனியில் ஆரம்பித்த பூச்சு ஆடியில் முடிந்தது.

மேலே பெயிண்ட் இல்லை. சுண்ணாம்புதான், துளி நீலம் சேர்த்து மூன்று கை. அடித்த அன்று திட்டுத்திட்டாக இருந்தது. அண்ணி முகம் வாடிவிட்டது. காயக் காய வெளுத்து, சாயங்கால வெளிச்சம் முற்றத்தில் விழும்போது கூடம் முழுக்க ஒரு மெல்லிய வெண்மை பரவியது. எனாமலில் அது வராது. கதவுகளில் ஏழெட்டு அடுக்குப் பச்சைப் பெயிண்டைச் சூடு காட்டிச் சுரண்டினால், அடியில் நிலைவாசலில் தாமரையும் அன்னமும் இருந்தன. நாங்கள் மூன்று பேரும் அந்த வீட்டில் பிறந்தவர்கள். அன்னம் இருப்பது அக்காவுக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. அன்றைக்கு அப்புறம் அவள் விற்பதைப் பற்றிப் பேசவில்லை.

எல்லாவற்றிலும் நான் ஜெயித்தேன் என்று இல்லை. முற்றத்துக்கு மேலே ஃபைபர் ஷீட் வேண்டும் என்றார் அண்ணி, குரங்குத் தொல்லை. மூடினால் சூடு மேலே போக வழியிருக்காது என்று வாதாடி, இரும்புக் கம்பி வலையோடு நிறுத்தினோம். கூடத்துச் சிவப்புத் தரையை மாற்றாமல் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்து மெருகேற்றியாயிற்று. ஆனால் அண்ணியின் முழங்கால் வலிக்கு மேற்கத்தியக் கழிப்பறை அவசியம். அதை வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி, பின்கட்டில் தனியாகச் சிமெண்டிலேயே கட்டி டைல்ஸ் போட்டோம். ஒயரிங் சுவரைக் குடையாமல் வெளிப்பட்டையில் ஓடுகிறது. பார்க்கக் கொஞ்சம் சுமார்தான்.

தீர்க்க முடியாதது தெரு. தாத்தா காலத்தில் திண்ணைக்கு நான்கு படி ஏற வேண்டும். பழைய சாலை மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு இப்போது ஒன்றரைப் படிதான் மிச்சம். மழைத் தண்ணீர் சுவரடிக்கே வருகிறது. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் உத்தரவிட்டது. ஏறின உயரம் அதனால் இறங்கிவிடாது. முன்சுவரை ஒட்டி ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, ஜல்லி போட்டுத் தண்ணீரைத் திருப்பிவிட்டிருக்கிறோம்.

2021 நவம்பரில் டெல்டா முழுக்கப் பேய் மழை. அண்ணன் போன் செய்தார். "சுவத்துல ரெண்டடிக்கு ஈரம் ஏறிச்சு. மழை விட்டுப் பத்து நாள்ல அதுவா காஞ்சு போச்சுடா." வடமேற்கு மூலையில் மட்டும் இன்னும் உப்பு பூக்கிறது. அந்த இடத்துப் பூச்சை எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும் என்கிறார் கொத்தனார். கொல்லைத் தொட்டியில் சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் இருக்கிறது. சித்திரைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.