வெள்ளையடிக்கும் முன் வழக்குப் பதியுங்கள்

இலஞ்சியில் நாம் பேருந்துக்கு நிற்கும் நிழற்குடையானாலும் வேறெந்த ஊரின் நிழற்குடையானாலும், அது பொதுப்பணத்தில் கட்டப்பட்டது. எந்தச் சாதிக்கும் சொந்தமானதன்று. ஆனால் தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் பல ஊர்களில் மின்கம்பமும் நிழற்குடையும் பாலத்தின் கைப்பிடிச் சுவரும் ஆதிக்கச் சாதியின் வண்ணத்தைச் சுமந்து நிற்கின்றன. வெளியூர்க்காரருக்கு அது வெறும் கிறுக்கல். அவ்வழியே பள்ளிக்குப் போகும் தலித் மாணவருக்கோ அது எல்லைக்கல்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடைசெய்ய 2024 ஜூனில் பரிந்துரைத்தது. கையில் கயிறு கூடாது என்றால், பள்ளி வாசலிலுள்ள கம்பத்தில் அதே வண்ணம் எப்படி இருக்கலாம்?

தூத்துக்குடி மாவட்டத்தில் காவல்துறை ஊராரிடம் பேசி இத்தகைய அடையாளங்களை அழித்தது வரவேற்கத்தக்கது. எனினும் அழிப்பது மட்டும் தீர்வன்று. வண்ணத்தைத் துப்புரவுப் பிரச்சினையாகக் கருதினால், குற்றத்தின் சான்றும் சுண்ணாம்புக்கடியில் மறைந்துவிடும்.

சட்டம் சொல்வதென்ன? பொதுப்பணத்தில் பராமரிக்கப்படும் சாலைகளையும் பொது இடங்களையும் பயன்படுத்துவதில் சாதித் தடை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15(2) உறுப்பு. எழுத்தாலோ குறியாலோ பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது பகையையும் வெறுப்பையும் வளர்ப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(யு) பிரிவின்படி குற்றம். வழக்குப் பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது 18ஏ பிரிவு. வெறும் வண்ணப்பட்டைக்கு இப்பிரிவு தானாகப் பொருந்தாது. இழிசொல்லோ மிரட்டலோ சேர்ந்திருந்தால் பொருந்தும். மற்றவற்றுக்கு, பொது இடங்களைச் சீர்குலைப்பதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் உண்டு.

எனவே, முதலில் இடமும் தேதியும் தெரியும்படி படமெடுங்கள். நீங்களே அழிக்க முனையாதீர்கள். அது மோதலாகத் திரிக்கப்படும். கம்பம் என்றால் மின்வாரியத்துக்கும், பேரூராட்சி கட்டிய நிழற்குடை என்றால் செயல் அலுவலருக்கும் எழுதுங்கள். நகலைக் காவல் நிலையத்திலும் மாவட்ட ஆட்சியரிடமும் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். இழிசொல்லோ மிரட்டலோ இருந்தால் காவல் நிலையத்தில் தனிப் புகாராகவே கொடுங்கள்.

அதிகாரிகளிடம் நாம் இரண்டு கோருகிறோம். அழிக்கும் வேலையைத் தூய்மைப் பணியாளர் தலையில் கட்டித் தனியே அனுப்பாதீர்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள், மாலையில் அதே தெரு வழியாகத்தான் வீடு திரும்ப வேண்டும். காவலர் உடனிருக்கட்டும். அடுத்து, 'இரு தரப்பும்' என்று சொல்லி அண்ணல் அம்பேத்கரின் படத்தையும் ஆதிக்கச் சாதியின் வண்ணத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அவர் இந்நாட்டின் அரசியலமைப்பை வரைந்த குழுவின் தலைவர். சாதி அடையாளம் அல்லர்.

சுவர் வெளுத்தால் போதாது. அந்த நிழற்குடையில் நம் பிள்ளை அச்சமின்றி உட்கார வேண்டும். அதுவே அளவுகோல்.