ஆபீஸ் இடம் மாறினால் பஸ் காசு யார் தருவது? மாங்காட்டில் இருந்து ஒரு கணக்கு

மாங்காடு: அரசு அலுவலகத்தை ஒரு ஊரில் இருந்து இன்னொரு ஊருக்கு மாற்றினால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? இதுக்கு பதில் தெரிய கோட்டைக்குப் போக வேண்டாம். மாங்காடு பஸ் நிறுத்தத்தில் அஞ்சு நிமிஷம் நின்றாலே போதும்.

இந்த ஊர்க்காரருக்கு பட்டாவில் பெயர் மாற்ற வேண்டுமா? குன்றத்தூர் தாலுகா ஆபீஸ். கலெக்டரைப் பார்த்து மனு கொடுக்க வேண்டுமா? காஞ்சிபுரம். போலீஸ் கமிஷனரிடம் போக வேண்டுமா? ஆவடி. மூணும் மூணு திசை! சென்னை மாநகராட்சி எல்லை கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் மாவட்டம் காஞ்சிபுரம். கலெக்டர் ஆபீசுக்குப் போக 50 கிலோமீட்டருக்கு மேல் பஸ்சில் உட்கார வேண்டும்.

இதில் நல்லதும் நடந்திருக்கிறது. முன்பு மாங்காடு, ஸ்ரீபெரும்புதூர் தாலுகாவில் இருந்தது. ஒரு சான்றிதழில் கையெழுத்து வாங்க பெங்களூர் ஹைவேயில் அவ்வளவு தூரம் போய் வர வேண்டும். அந்தத் தாலுகாவைப் பிரித்து குன்றத்தூர் தாலுகா வந்ததும் ஆபீஸ் பக்கத்து ஊருக்கே வந்துவிட்டது. ஷேர் ஆட்டோவில் போய் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். போலீஸ் கதையும் அப்படித்தான். 2022 ஜனவரி 1-ந்தேதி சென்னை போலீசைப் பிரித்து ஆவடி, தாம்பரம் என்று 2 புதிய கமிஷனர் ஆபீஸ்கள் திறந்தார்கள். மாங்காடு போலீஸ் நிலையம் ஆவடி பக்கம் போனது. வேப்பேரிக்கு அலைந்ததை விட ஆவடி கிட்டத்தான்.

ஆனால் இதையெல்லாம் முடிவு செய்யும்போது கோப்பில் என்னென்ன செலவை எழுதுகிறார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

கோப்பில் இல்லாத செலவு

கட்டிடம் கட்ட எவ்வளவு, வாடகை எவ்வளவு, மேஜை நாற்காலி எவ்வளவு, பீரோக்களை லாரியில் ஏற்ற எவ்வளவு... இதெல்லாம் பைசா சுத்தமாக எழுதப்படும். ஊழியர்களுக்கு இடமாறுதல் படி, சாமான் ஏற்றும் செலவு, இதற்கும் விதி இருக்கிறது. வந்து போகும் ஜனங்களின் செலவுக்கு மட்டும் கோப்பில் பத்தியே கிடையாது.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு கொத்தனாருக்கு நாள் கூலி 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆபீஸ் தூரமாகப் போய்விட்டதால் அரை நாளில் முடிந்த வேலைக்கு ஒரு நாள் முழுக்க போகிறது. கூலி போச்சு. பஸ், டீ, ஜெராக்ஸ் என்று இன்னொரு 100. ஆக மொத்தம் 1,000 ரூபாய். இப்படி தினமும் 100 பேர் வந்தால் ஒரு நாளைக்கு 1 லட்சம். வருஷத்துக்கு 250 வேலை நாள் என்றால் 2.5 கோடி ரூபாய்!

ஒரே ஒரு ஆபீசுக்கு, ஒரே ஒரு வருஷத்துக்கு இந்தக் கணக்கு. புது இடத்தில் அரசுக்கு வாடகை வருஷம் 20 லட்சம் மிச்சம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், பக்கத்தில் இந்த 2.5 கோடியையும் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த மிச்சம் அரசு கஜானாவுக்கு. இந்தச் செலவு கொத்தனார் சட்டைப் பையில் இருந்து. அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை.

கிட்ட வந்தால் இதே கணக்கு தலைகீழ். குன்றத்தூர் தாலுகா வந்ததில் மாங்காட்டுக்காரர்களுக்கு மிச்சமானது இதே மாதிரி பணம்தான். அதையும் யாரும் எழுதி வைக்கவில்லை.

ஊழியர் பக்கம்

'கவர்மென்ட் சம்பளம் வாங்குறாங்க, எங்க போட்டாலும் போகட்டுமே' என்று சொல்வது சுலபம். அவர்கள் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. மத்திய அரசு ஊழியருக்கு 7-வது ஊதியக்குழு முறையில் வீட்டு வாடகைப் படி ஊரைப் பொறுத்தது. 2024-ல் அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதும் சென்னை போன்ற பெருநகரத்தில் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், நடுத்தர நகரத்தில் 20, சின்ன ஊரில் 10 என்று ஆனது. 30 ஆயிரம் அடிப்படைச் சம்பளம் வாங்குகிறவருக்கு சென்னையில் 9 ஆயிரம். சின்ன ஊருக்கு மாற்றினால் 3 ஆயிரம். மாசம் 6 ஆயிரம் அவுட்! சின்ன ஊரில் வாடகை குறைவு என்பது நிஜம்தான். ஆனால் சென்னை புறநகரில் கடன் வாங்கி வீடு கட்டியவருக்கு தவணை குறையாதே. வீட்டுக்காரர் ஒரு ஊரில், வீட்டுக்காரம்மா வேறு ஊரில் வேலை பார்த்தால் ரெண்டு அடுப்பு. பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதில் அனுபவசாலிகள் விலகிப் போவதுதான் பெரிய நஷ்டம். அமெரிக்காவில் நடந்தது இது. அரசு நிலங்களைக் கவனிக்கும் மத்திய துறையின் தலைமையகத்தை வாஷிங்டனில் இருந்து கொலராடோ மாநிலத்தின் கிராண்ட் ஜங்ஷன் என்ற ஊருக்கு மாற்றப்போவதாக 2019-ல் அறிவித்தார்கள். 328 பணியிடங்களை தலைநகருக்கு வெளியே மேற்குப் பகுதிக்கு மாற்ற உத்தரவு. கடைசியில் போனவர்கள் 41 பேர். 287 பேர் ஓய்வு வாங்கிக்கொண்டோ வேறு வேலை தேடிக்கொண்டோ நடையைக் கட்டினார்கள். 2021-ல் தலைமையகம் மறுபடி வாஷிங்டனுக்கே என்று அறிவிப்பு வந்தது.

ஆஸ்திரேலியாவில் இன்னும் வேடிக்கை. பூச்சிமருந்து, கால்நடை மருந்துகளுக்கு அனுமதி தரும் ஆணையத்தை தலைநகர் கான்பெராவில் இருந்து ஆர்மிடேல் என்ற சின்ன ஊருக்கு மாற்ற 2016-ல் உத்தரவு போட்டார்கள். அரசே காசு கொடுத்து லாப நஷ்ட அறிக்கை வாங்கியது. செலவுதான் அதிகம் என்று அறிக்கை சொன்னது. ஆனாலும் மாற்றினார்கள். ஆர்மிடேல், விவசாய அமைச்சரின் சொந்தத் தொகுதிக்குள் இருக்கும் ஊர்!

கோட்டை போய் வந்த கதை

நம்ம ஊரில் இந்த விளையாட்டு பழசு. சென்னை தண்ணீர்ப் பஞ்சத்தில் தவித்த 1983-ல், தலைநகரையே திருச்சிக்கு மாற்றலாம் என்று முதல்வர் எம்.ஜி.ஆர். யோசனை சொன்னார். அது நடக்கவில்லை. 2003-ல் மெரினா எதிரே உள்ள ராணி மேரி கல்லூரியை இடித்துவிட்டு தலைமைச் செயலகம் கட்ட ஜெயலலிதா அரசு திட்டமிட்டது. 1914-ல் தொடங்கிய கல்லூரி அது. மாணவிகள் உள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது.

அடுத்து ஓமந்தூரார் தோட்டம். கருணாநிதி ஆட்சியில் கட்டிய புதிய சட்டசபை - தலைமைச் செயலக வளாகத்தை 2010 மார்ச் 13-ந்தேதி பிரதமர் மன்மோகன்சிங் திறந்து வைத்தார். கூட்டத்தொடர் அங்கே நடந்தது. சில துறைகள் குடிபோயின. 2011 மே மாதம் ஆட்சி மாறியது. ஜெயலலிதா நேராக கோட்டைக்கே போய்விட்டார். போன கோப்புகள் வந்த வழியே திரும்பின. பல நூறு கோடியில் கட்டிய கட்டிடம் சும்மா கிடந்தது. அப்புறம் பல கோடி செலவில் மாற்றி அமைத்து 2014 பிப்ரவரியில் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை ஆக்கினார்கள்.

மாங்காட்டுக்காரர் ஒருவர் இன்று இதய சிகிச்சைக்கு அங்கே போகிறார் என்றால் அது நல்ல விஷயம். ஆனால் ஆஸ்பத்திரி வேண்டும் என்று கணக்குப் போட்டு வந்த ஆஸ்பத்திரி இல்லை அது. ஆபீஸ் கணக்கு தப்பாகி வந்தது. ஆஸ்பத்திரிக்கு என்றே கட்டியிருந்தால் ஒரே செலவில் முடிந்திருக்கும்.

ஆந்திராவில் வேறு மாதிரி. மாநிலம் பிரிந்த 2014-ல் ஐதராபாத் 10 வருஷத்துக்கு பொதுத் தலைநகர் என்று சட்டமே இருந்தது. இருந்தும் 2016-ல் சந்திரபாபு நாயுடு அரசு செயலக ஊழியர்களை அமராவதி பக்கம் வெலகபுடிக்கு வரச் சொன்னது. வர மறுத்தவர்களை இழுக்க வாரத்துக்கு 5 நாள் வேலை, 30 சதவீத வீட்டு வாடகைப் படி என்று சலுகைகள். ஊழியர்கள் வந்தார்கள். ஆனால் தலைநகருக்காக 30 ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் கொடுத்த விவசாயிகள் கதி? 2019-ல் வந்த ஜெகன் அரசு 3 தலைநகர் என்றது. விவசாயிகள் ரோட்டுக்கு வந்தார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். 2024-ல் நாயுடு திரும்பி வந்த பிறகுதான் அமராவதி வேலை மறுபடி சூடு பிடித்தது. ஊழியருக்குப் படி கிடைத்தது. நிலம் கொடுத்தவருக்கு 5 வருஷ காத்திருப்புதான் மிச்சம்.

ஆள் நகரல, அதிகாரம் நகர்ந்தது

ஆவடியில் நடந்தது இதில் தனி ரகம். டாங்கி தொழிற்சாலை, என்ஜின் தொழிற்சாலை, ராணுவ உடை தொழிற்சாலை எல்லாம் முன்பு கொல்கத்தாவில் இருந்த படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தின் கீழ் இருந்தன. 2021 அக்டோபர் 1-ந்தேதி அந்த வாரியத்தைக் கலைத்து நாடு முழுக்க இருந்த 41 தொழிற்சாலைகளை 7 கம்பெனிகளாகப் பிரித்தது மத்திய அரசு.

டாங்கியும் என்ஜினும் சேர்ந்த கவச வாகன கம்பெனிக்கு தலைமையிடம் ஆவடி. கொல்கத்தாவைப் பார்த்துக் கிடந்த காலம் போய், மேடக், அம்பர்நாத், ஜபல்பூர் தொழிற்சாலைகள் ஆவடியைப் பார்க்கின்றன. ஊருக்கு லாபம் என்று சொல்லலாம். ஆனால் அதே ஆவடியில் இருக்கும் உடை தொழிற்சாலைக்கு தலைமையிடம் கான்பூர்! ஒரே ஊர், அக்கம்பக்கத்து தொழிற்சாலைகள். ஒருத்தருக்கு மேலதிகாரி சைக்கிள் தூரத்தில். இன்னொருத்தருக்கு ரயிலில் ஒரு நாளைக்கு மேல்.

தொழிலாளர் யாரும் பெட்டி படுக்கையைத் தூக்க வேண்டியது வரவில்லை. மாறியது வேலையின் ஆதாரம். அரசு ஊழியராகச் சேர்ந்தவர்கள் புது கம்பெனிக்கு முதலில் 2 வருஷம் அயல்பணி என்று கணக்கு காட்டப்பட்டார்கள், பிறகு அது நீட்டிக்கப்பட்டது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தது இதைத்தான்.

பஸ் நிலையம் போனபோது

ஆபீஸ் இல்லை என்றாலும் கிளாம்பாக்கத்தை இங்கே சொல்லாமல் விட முடியாது. 2023 டிசம்பர் 30-ந்தேதி புது பஸ் நிலையத்தைத் திறந்தார்கள். தென் மாவட்ட பஸ்கள் கோயம்பேட்டில் இருந்து அங்கே போயின. கோயம்பேடு நெரிசல் குறைந்தது நிஜம். ஆனால் திறந்த நாளில் பக்கத்தில் ரயில் நிலையம் கிடையாது. மாங்காட்டில் இருந்து ஒரே பஸ்சில் கோயம்பேடு போய் மதுரை பஸ் பிடித்தவர், பையும் குழந்தையுமாக வண்டலூர் பக்கம் வழி தேடினார். கோயம்பேட்டில் அந்த பஸ்களை நம்பி மூட்டை தூக்கியவர், இட்லிக் கடை போட்டவர் வியாபாரம் என்ன ஆச்சு என்பதற்கு எந்த அறிக்கையும் இல்லை. இடம் மாற்றுவதற்கு முன் வழி போட்டிருக்க வேண்டும். இங்கே மாற்றிவிட்டு வழியைத் தேடினார்கள்.

இப்போது பாதி வேலை இ-சேவை மையத்திலேயே முடிகிறதே, ஆபீஸ் எங்கே இருந்தால் என்ன என்று கேட்கலாம். வருமானச் சான்று, சாதிச் சான்று வரைக்கும் சரி. நில அளவைத் தகராறு, வாரிசு சண்டை, விசாரணைக்கு நேரில் வரச் சொல்லும் கடிதம், இதெல்லாம் கம்ப்யூட்டரில் முடியாது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் கையில் மனு கொடுக்க நினைப்பவர் விடியற்காலையிலேயே மாங்காட்டில் இருந்து பூந்தமல்லி போய் காஞ்சிபுரம் பஸ் ஏற வேண்டும். அன்றைய கூலி அன்றைக்குக் கிடையாது.