காணாமற்போன தலைச்சொல்லும் வழங்கியின் பதிவேடும்

அகராதிப் பணியில் இருந்த யாம் மென்பொருள் நிறுவலைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், யாம் துணைநின்ற மின்னகராதி ஒன்றில் 'கால்-2' என்னும் தலைச்சொல்லை, அதாவது நான்கில் ஒரு பங்கைக் குறிக்கும் சொல்லை, மாணவர்கள் தேடினர். 'அச்சொல் இல்லை' என்பதே விடையாயிற்று. ஏன் நீக்கினீர்கள் என்று ஆசிரியர் ஒருவர் எழுதிக் கேட்டார். யாம் எதையும் நீக்கவில்லை. சொல் தரவுத்தளத்தில் இருந்தது, தேடலுக்குத்தான் அகப்படவில்லை.

டெபியன் வகை லினக்ஸ் வழங்கிகளில் 'ஆப்ட்' என்னும் நிறுவுகருவி, தான் செய்யும் ஒவ்வோர் இற்றைப்படுத்தலையும் பதிவேட்டில் எழுதிவைக்கிறது. (இற்றை என்பது அற்றை, எற்றை என்பவற்றின் உடன்பிறப்பு, புதுச்சொல் என்று முகஞ்சுளிப்போர் கவனிக்க.) நாள், நேரம், இட்ட கட்டளை, தொகுப்பின் பெயர், அதன் பழைய பதிப்பெண், புதிய பதிப்பெண் ஆகிய அனைத்தும் அதில் இருக்கும். பிழை தோன்றிய நாளில் அதில் ஒன்றும் இல்லை என்று கண்டு அதனை மூடிவைத்தோம். அதுவே எம் தவறு. நிறுவப்பட்டது வேறு, இயங்குவது வேறு. புதிய பதிப்பு வட்டில் அமர்ந்த பின்னும், முன்பே ஓடிக்கொண்டிருக்கும் நிரல், மறுதொடக்கம் செய்யும்வரை பழையதையே பற்றியிருக்கும்.

சில நாள் பின்னோக்கிப் படித்தபோது அந்த வரி கிடைத்தது: குனு சி நூலகம் 2.24இலிருந்து 2.28க்கு மாறியிருந்தது.

எழுத்துகளை எவ்வரிசையில் ஒப்பிடுவது என்பதைத் தரவுத்தளம் இந்நூலகத்திடமே கேட்டறிகிறது. 2018 ஆகஸ்டில் வெளிவந்த 2.28ஆம் பதிப்பு, அனைத்துலக வரிசைத் தரத்தின் புதிய வடிவத்தை ஏற்றது; சிறுகோடு போன்ற குறிகளை ஒப்பிடும் முறை மாறியது. எம் சொல்லடைவோ பழைய வரிசையில் கட்டப்பட்டது. பழைய முறையில் அடுக்கிய அலமாரியில், புதிய முறையை மட்டும் அறிந்த ஒருவர் நூல் தேடுவதை எண்ணிப் பாருங்கள். நூல் அங்கேயே இருக்கும். அவர் வேறொரு தட்டைப் பார்த்து 'இல்லை' என்பார். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதே இதில் அஞ்சத்தக்கது. அடைவை மீண்டும் கட்டியதும் சொல் கிடைத்தது.

இப்பதிவேடு நெடுநாள் நிற்பதன்று. இயல்பமைப்பில் மாதந்தோறும் மடித்துவைக்கப்பட்டு, 12 பழைய படிகளே எஞ்சும். எனவே இப்போது ஒவ்வோர் இற்றைப்படுத்தலுக்குப் பின்னும் தொகுப்புப் பட்டியலைத் தனிக்கோப்பாக எடுத்து, அகராதியின் பதிப்புக் குறிப்போடு சேர்த்து வைக்கிறோம். அந்த ஆசிரியருக்கு விடை எழுதியபோது, பதிவேட்டின் அவ்வொரு வரியையும் படியெடுத்து அனுப்பினோம்.